சிவப்பு, கறுப்பு, ஒரு ‘ம’: மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90 பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் 14 வருடமாக நின்ற ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஒன்றை 2022 ஓகஸ்டில் கழற்றத் தொடங்கி 2023 மார்ச்சில் ஓட விட்டோம். அதே வண்டியை 12இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்யும் வேலையும் கூடவே நடந்தது. வண்டி வேலை ஒரு சிறிய கராசில். மாதிரி வேலை என் மேசையில். குறிப்பெடுத்ததும் நான்தான் என்பதால் கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தப்பட்டவர்கள் நான்கு பேர். வண்டிக்காரர், அப்போது வயது 74, சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய மகன், என்னோடு படித்தவன், கனடாவில் இருக்கிறான். மெக்கானிக், ஐம்பது கடந்தவர். அவரிடம் வேலை பழகும் 19 வயதுப் பொடியன் ஒருவன்.

வண்டியின் பூர்வீகம்

ஹொண்டாவின் சூப்பர் கப் 1958 ஓகஸ்டில் ஜப்பானில் வந்தது. சிறிய எஞ்சின், கிளச் பிடி இல்லாத கியர், சேறு காலில் அடிக்காமல் முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கவசம். சோபா என்ற நூடில்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கிளச் பிடியை எடுத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 2017இல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

எம்.டி. 90 அந்தக் குடும்பத்தில் தபால்காரருக்கென்றே செய்த பிள்ளை. 90 சிசி எஞ்சின், மூன்று கியர், ஒற்றைச் சீற்று, பின்னால் அகலமான கரியர், முன்னால் பை வைக்க இன்னொரு கரியர். சாதாரணக் கப்புக்கு 17 அங்குலச் சில்லு, இதற்கு 14. சுமையோடு ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறவனுக்கு வண்டி உயரம் குறைவாக இருப்பது நல்லது. நிறம், ஜப்பானியத் தபால் சிவப்பு.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானில் பாவித்த வண்டிகள் ‘ரீகண்டிசன்’ என்ற பெயரில் இலங்கைக்கு வரத் தொடங்கின. பெரியவர் 1984இல் கொழும்பில் ஒரு கடையில் இதை வாங்கினார். அவர் வாங்கியபோதே கறுப்பு, நீளச் சீற்றுப் போட்டிருந்தது. தபால் வண்டி என்று கடையில் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல், பற்றரி என்று பல பொருட்களுக்குத் தடை வந்தது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கிய காலம் அது. பெரியவருடைய வண்டி 1991இல் மாறியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரம் உள்ள வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் சண்டைக்குப் பயந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது இந்த வண்டியும் போனது. ஓட்டிப் போகவில்லை, சனத்துக்குள் ஓட்ட இடமில்லை. இரண்டு சாக்கு, ஒரு தையல் மெசின், ஆறு வயது மகன் எல்லாவற்றையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். 1996இல் திரும்பி வந்தது. பெற்றோல் கிடைத்தபின் பெற்றோலிலேயே 2008 வரை ஓடியது. பிறகு ஒரு ஸ்கூட்டர் வாங்கினார்கள், இது கொட்டிலுக்குப் போனது.

2022: மறுபடி இறக்கக் காரணம்

ஏக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பெற்றோல் கணக்கு. 2022 நடுப்பகுதியில் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போய், யூலையில் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பதிவு இருக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி அளவு என்பதால் பல வீடுகளில் கொட்டிலில் கிடந்த பழைய வண்டிகளுக்கு மவுசு வந்தது. மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில், “வண்டியின்ர புத்தகம் இருக்குத்தானே அப்பா, அதைப் பதிஞ்சு அந்த நாலு லீற்றரையும் எடுங்கோவன்” என்றான்.

பெரியவர் மறுத்துவிட்டார். “ஓடாத வண்டிக்குப் பெற்றோல் எடுக்க மாட்டன். முதல் ஓட வைப்பம்.”

சங்கக்கடையில் முப்பது வருடம் கூப்பன் எண்ணியவர். இந்தக் குணம் பின்னால் இன்னொரு இடத்திலும் வரும்.

வேலை தொடங்கிய அதே மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. “நல்ல வேளை, இப்ப உதில ஓடேல்லை” என்றார் மெக்கானிக்.

கழற்றியபோது கண்டது

நாலு விஷயம் முக்கியம்.

ஒன்று, எண்ணெய்த் தாங்கி. இந்த வண்டியில் அது சீற்றுக்குக் கீழே. சீற்றைத் தூக்கினால் மூடி தெரியும். மூடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்றில், மூன்று சென்ரிமீற்றர் அளவில், தூரிகையால் ‘ம’ என்று எழுதியிருந்தது. மண்ணெண்ணெய். சங்கக்கடைப் பீப்பாய்களில் இப்படித்தான் குறி வைப்பார்களாம்: மண்ணெண்ணெய்க்கு ‘ம’, தேங்காய் எண்ணெய்க்கு ‘தே’. வீட்டில் யாராவது அவசரத்தில் கிடைத்தற்கரிய பெற்றோலைத் தாங்கிக்குள் ஊற்றிவிடக்கூடாது என்பதற்காக அவரே எழுதியது.

இரண்டு, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள குழாயில் ஒரு சின்னப் பித்தளை முனை. அதன் வாயில் ஒரு திருகாணி போட்டு அடைத்திருந்தது. பொடியனுக்கு அது என்னவென்று புரியவில்லை. மெக்கானிக் சிரித்தார். 1991இல் அவரும் பொடியன்தான், வேறொரு கராசில் இதே வேலையைச் செய்தவர். கைபிடியில் ஒரு மருந்துப் போத்தலைக் கட்டி அதற்குள் பெற்றோல் விடுவது. அதிலிருந்து ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒன்று இந்த முனைக்கு வரும். குழாயில் இருக்கும் உருளையைத் தளர்த்திப் பத்துச் சொட்டு விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடு ஏறும்வரை சொட்டு. பிறகு உருளையை இறுக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது.

இதற்குப் பின்னால் இருக்கிற காரணம் எளிது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை, சூடான எஞ்சினுக்குள் போனால்தான் எரியத்தக்க ஆவியாகும். அதனால் கடை வாசலில் இரண்டு நிமிடம் நின்றாலும் எஞ்சினை நிற்பாட்ட மாட்டார்கள். ஆறினால் இன்னும் பத்துச் சொட்டுப் பெற்றோல் போகும். அந்த வெள்ளைப் புகையும் கண் எரிவும் அந்த நாட்களில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, சிலின்டருக்கு அடியில் கஸ்கற்றோடு (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) சேர்த்து ஒரு அலுமினியத் தகடு, ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, கத்தரியால் வெட்டி அரத்தால் ராவியது. மண்ணெண்ணெயை அதிகம் அழுத்தினால் பொறி மூட்டிய தீ பரவி வருமுன்னே தானாக வெடிக்கும், எஞ்சின் ‘டக் டக்’ என்று அடிக்கும். சிலின்டரைச் சற்று உயர்த்தினால் அழுத்தம் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிலின்டர் துளை 50 மி.மீ., பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 45.6 மி.மீ., ஆகவே கொள்ளளவு 89.5 சிசி. ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் எரியறையில் ஏறத்தாழ 2 சிசி கூடும். அழுத்த விகிதம் எட்டுக்குச் சற்று மேலிருந்து ஏழுக்குச் சற்று மேலே இறங்கும். கணக்கே போடாமல் இதைச் செய்திருக்கிறார்கள். தகட்டை எதிலிருந்து வெட்டினார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “சட்டி மூடியிலதான். வேற என்ன இருந்தது?”

நாலாவது நிறம். பக்க மூடியின் ஓரத்தில் பெயின்ற் உரிந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தபோது கறுப்புக்குக் கீழே இன்னொரு கறுப்பு, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே சிவப்பு. சில்லின் அளவையும் சட்டத்தில் வெட்டியிருந்த எம்.டி. என்ற எழுத்தையும் சேர்த்துப் பார்த்தபோது 38 வருடம் கழித்து வண்டியின் முதல் வேலை என்னவென்று வீட்டுக்குத் தெரிய வந்தது.

மற்றவை எதிர்பார்த்தவைதான். பிஸ்ரன் தலையிலும் சைலன்சருக்குள்ளும் கரி. 50 மி.மீ. இருக்க வேண்டிய துளை மேல்பக்கத்தில் 50.14. எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும். அந்தக் காலத்தில் ஒயில் குச்சியைப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும் என்றார் மெக்கானிக். நாலு வருடம் அப்படி ஓடிய எஞ்சினுக்கு இந்தத் தேய்மானம் அதிகமில்லை.

மூன்று பேர், மூன்று வண்டி

சிவப்பு தெரிய வந்ததும் பிரச்சினை தொடங்கியது.

மகனுக்கு அது தபால் வண்டியாக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி: சிவப்பு, ஒற்றைச் சீற்று, முன் கரியர். படங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தான். மெக்கானிக்குக் கறுப்போ சிவப்போ கவலையில்லை, புதுசுபோல் மினுங்க வேண்டும். கராசுக்கு அது விளம்பரம். பெரியவருக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

நானோ எதையும் தொடாமல், தகடும் முனையும்கூட இருந்த இடத்திலேயே இருக்க, அப்படியே வைக்கலாம் என்ற கட்சி. மாதிரி செய்கிறவர்களுக்கு இந்தக் குணம் உண்டு. நிஜ வண்டியையும் அலுமாரிக்குள் வைக்கிற பொருளாகப் பார்ப்போம். அதில் ஏறிச் சந்தைக்குப் போகப் போகிறவர் நான் இல்லை என்பது அப்போது மனதில் ஏறவில்லை.

எடுத்த முடிவுகள்

நிறம் கறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவானது. முதற்காரணம், வண்டிப் புத்தகத்தில் நிறம் கறுப்பு என்று பதிந்திருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும், பெற்றோல் தட்டுப்பாட்டில் அதற்கு யாரும் தயாரில்லை. இரண்டாவது காரணத்தைப் பெரியவர் சொன்னார்: சிவப்பு வண்டியை அவர் ஒருநாளும் ஓட்டவில்லை. வெளியில் தெரியும் பாகங்களைக் கழுவி, துருப்பிடித்த இடத்தை மட்டும் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ற் தொடுவது என்று பேசிக்கொண்டோம்.

தகட்டை எடுத்துவிடுவது. இனி 92 ஒக்ரேன் பெற்றோலில்தான் ஓடப் போகிறது. நான் எதிர்த்தேன். மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார்: “தகட்டோட விட்டால் ஏத்தத்தில இழுக்காது, பெற்றோலும் கூடப் போகும். நாலு லீற்றரில ஆர் அதைக் குடுக்கிறது?” பதில் இல்லை. தகடு ஒரு கடித உறைக்குள் போனது. பித்தளை முனை இடைஞ்சல் இல்லாததால் திருகாணியோடு இருந்த இடத்திலேயே விடப்பட்டது.

சிலின்டரை 0.25 மி.மீ. பெரிதாகக் கடைந்து அதற்குரிய பிஸ்ரனும் றிங்கும் போடுவது. வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுற்றுகிற கேம் செயினைப் பழையதையே திரும்பப் போடுவது. கடைசி முடிவு பிழை. அந்த நேரம் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாக விலை ஏறியிருந்தது. செயினைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பெரிய தளர்வு தெரியவில்லை, 14 வருடம் ஓடவும் இல்லை. பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

மகனுடைய சிவப்பு ஆசைக்கு ஒரு வழி சொன்னேன். நிஜ வண்டி கறுப்பு, மாதிரி வண்டி சிவப்பு. எல்லோரும் சரி என்றார்கள். இதுவும் பிழையாகப் போனது, ஆனால் அதைப் பற்றிப் பிறகு.

‘ம’ அழிந்த விதம்

தேய்க்குமுன் எல்லாவற்றையும் படம் எடுப்பது என்று நான்தான் சொன்னேன். தகட்டை எடுத்தேன், முனையை எடுத்தேன், பெயின்ற் அடுக்குகளை அளவுகோல் வைத்து எடுத்தேன். தாங்கியை எடுக்கவில்லை. அன்று வெளிச்சம் போய்விட்டது, சனிக்கிழமை வந்து எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வெளியே போகும்போது பொடியனிடம், “தாங்கியைக் கிளீன் பண்ணி வை” என்றார். உள்ளே இருக்கும் துருவையும் மண்டியையும் கழுவி வை என்ற அர்த்தத்தில். பொடியன் நல்ல வேலைக்காரன். உள்ளேயும் கழுவினான், வெளியேயும் தேய்த்தான். 400ஆம் நம்பர்த் தாள். நான் சனிக்கிழமை போனபோது தாங்கி வெறும் தகரமாக, துடைத்து, அடிப்பெயின்றுக்குத் தயாராக இருந்தது.

யாரும் யாரையும் ஏசவில்லை. பொடியனுக்கு அந்த எழுத்து என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் 2003இல் பிறந்தவன். மெக்கானிக்குக்கும் பெரியவருக்கும் எனக்கும் சொல்லாமலே தெரிந்த ஒன்று, அவனுக்குத் தாங்கியில் பட்ட வெள்ளைக் கறை. படம் எடுக்க வேண்டிய பொருட்களின் பட்டியலை நான் என் குறிப்புப் புத்தகத்தில் வைத்திருந்தேன், கராச் சுவரில் ஒட்டவில்லை.

பெரியவரிடம் சொல்ல நான் போனேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு பேப்பர் துண்டை எடுத்துப் பேனையால் அந்த ‘ம’வை வரைந்தார். சங்கக்கடையில் பழகிய கை. இடது கோடு இறங்கி, அடிக்கோடு கொஞ்சம் சாய்ந்து, வலது கால் உள்ளே மடிகிற இடத்தில் தூரிகை ஒரு தரம் நின்று போவது. “இப்பிடித்தான் இருந்தது” என்றார். வீட்டுப் பழைய அல்பங்களில் தேடினோம். வண்டி நிற்கிற படம் இரண்டு இருந்தது. இரண்டிலும் சீற்று மூடியிருந்தது.

மாதிரி வண்டி

ஜப்பானிய மாதிரிக் கிட்டுகளில் (பாகங்களாக வந்து நாமே பொருத்துகிற பெட்டிகள்) மோட்டார் சைக்கிளுக்கு 12இல் ஒரு பங்கும் காருக்கு 24இல் ஒரு பங்கும் வழக்கமான அளவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மகனுடைய அலுமாரியில் ஏற்கெனவே ஹசேகாவா செய்த சுபாரு 360 கார் ஒன்று நிற்கிறது. 24இல் ஒரு பங்கில், மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அந்தக் கார் 12.5 சென்ரிமீற்றர். 1.86 மீற்றர் நீளமான சூப்பர் கப் 12இல் ஒரு பங்கில் 15.5 சென்ரிமீற்றர். இரண்டும் 1958இல் பிறந்த பெயர்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கார் மோட்டார் சைக்கிளை விடக் கட்டை.

பியுஜிமியின் சூப்பர் கப் 110 கிட் ஒன்றைக் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். ஒட்டாமல் அழுத்திப் பொருத்துகிற வகை. ஆனால் அது இந்தக் காலத்து வண்டி. எஞ்சின் மூடி, முன்விளக்கு, சீற்று, மட்காட் எல்லாம் வேறு. ஏறத்தாழப் பாதிப் பாகங்கள்தான் பயன்பட்டன.

முக்கியமான மாற்றம் சில்லு. 17 அங்குல வளையம் இந்த அளவில் 36 மி.மீ.; 14 அங்குலம் 29.6 மி.மீ. இந்த ஆறரை மில்லிமீற்றரைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு சிவப்பு அடித்தாலும் அது தபால் வண்டி ஆகாது. வளையத்தை நண்பர் ஒருவரின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்து, 0.25 மி.மீ. கம்பியால் ஆரக்கால் கட்டினேன். நிஜத்தில் மூன்று மில்லிமீற்றர்க் கம்பி, ஆகவே அளவு சரி. ஒரு சில்லுக்கு இரண்டு இரவு போனது.

பெயின்ற் விஷயத்தில் புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது தடிப்பில். தூரிகையால் 0.1 மி.மீ. தடிப்பாகப் பூசினால் நிஜ வண்டியில் 1.2 மி.மீ. தார் பூசியதற்குச் சமம். விளிம்பெல்லாம் மழுங்கிப் போகும். மெல்லியதாக, விசிறி, நாலைந்து தடவை அடிக்க வேண்டும். வெள்ளை அடிப்பெயின்றின் மேல் சிவப்பு நன்றாக எழும்பி வந்தது. 2022 டிசம்பரில் முடித்துப் பெரியவரிடம் கொண்டுபோனேன்.

கையில் வாங்கி, திருப்பி, சில்லை விரலால் சுற்றிப் பார்த்தார். “வடிவா இருக்கு. இது ஆற்ற வண்டி?”

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஜப்பானில் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு தபால்காரனுடைய வண்டி அது. அதை நானும் பார்க்கவில்லை, மகனும் பார்க்கவில்லை. கிட்டும் இணையப் படங்களும் சொன்னதைத்தான் செய்திருந்தேன். கராசில் பத்து நிமிடத் தூரத்தில் நின்ற வண்டியிலிருந்து நான் எடுத்தது சில்லின் அளவு மட்டுமே.

மகனிடம் இதைச் சொன்னபோது அவனும் கொஞ்சம் யோசித்தான். “மச்சான், எனக்கு உண்மையில ஞாபகம் இருக்கிறது அந்தக் கறுப்புச் சீற்றும் சேலைன் குழாயும்தான். தொண்ணூற்றஞ்சில அந்தக் குழாயைப் பிடிச்சுக்கொண்டுதான் சாக்குக்கு மேல இருந்தனான்.” இதை முதல்நாளே கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

பெயின்றை முழுதாக உரிக்கவில்லை. சிவப்பை அப்படியே விட்டு, மேலே தலைமுடி ஸ்பிறே ஒரு பூச்சு, அதன்மேல் சாம்பல் திட்டுத்திட்டாக, பிறகு கறுப்பு. காய்ந்ததும் ஈரப் பஞ்சால் நனைத்துப் பல்லுக்குத்தும் குச்சியால் ஓரங்களைச் சுரண்டினால் மேல்பூச்சு சிறிய செதில்களாகக் கழன்று கீழே சிவப்பு தெரியும். எங்கெங்கே கழற்ற வேண்டும் என்பதற்கு இந்த முறை நிஜ வண்டியின் படங்கள் இருந்தன: உதைக்கிற காலின் கீழ், முழங்கால் உரசுகிற கவசத்தின் விளிம்பு, பக்க மூடியின் மூலை. நீளச் சீற்று புதிதாகச் செய்தேன். கைபிடியில் மருந்துப் போத்தல். சேலைன் குழாய்க்கு மீன் தூண்டில் நரம்பு. சைலன்சர் வாயில் கரிக்குப் பதில் வெளிறிய சாம்பல் தடவினேன், பிறகு மெக்கானிக் பார்த்துவிட்டு, “மண்ணெண்ணெய்க் கரி ஈரக் கரி, எண்ணெய் மினுக்கம் இருக்கும்” என்றதால் மாற்றினேன்.

பிறகு ‘ம’. மூன்று சென்ரிமீற்றர் எழுத்து இந்த அளவில் இரண்டரை மில்லிமீற்றர். சீற்றைத் தூக்கினால் தெரிகிற மாதிரிப் பிணைச்சல் வைத்திருந்தேன். பெரியவர் வரைந்த துண்டைப் பக்கத்தில் வைத்து, ஏழு தடவை எழுதி ஆறு தடவை துடைத்தேன். ஏழாவதை வாசிப்புக் கண்ணாடியால் பார்த்துவிட்டு, “கால் கொஞ்சம் நீண்டு போச்சு. பரவாயில்லை” என்றார்.

பின்னர் நடந்தது

வண்டி 2023 மார்ச் முதற்கிழமை ஓடியது. பொறியை நேரத்துக்கு வரவைக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.35 மி.மீ., வால்வு இடைவெளி 0.05 மி.மீ., புதுப் பிளக். நாலாவது உதையில் பிடித்தது. முதல் நாள் கோயில்வரை, இரண்டாம் நாள் சந்தைவரை. அன்றுதான் பெரியவர் கியூஆர் பதிவு செய்ய ஒப்புக்கொண்டார்.

இருநூறு கிலோமீற்றர் ஓடுமுன்னே எஞ்சினின் இடப்பக்கத்தில் சலசலப்பு. கேம் செயின். செயின் தளராமல் பிடிக்கும் இறுக்கியை எவ்வளவு சரிசெய்தும் போகவில்லை. ஏப்ரலில் மறுபடி திறந்தோம்.

காரணம் விளங்கியபோது மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். சிலின்டருக்கு அடியில் வைத்த ஒரு மில்லிமீற்றர்த் தகடு, செயினின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் இழுத்து வைத்திருந்தது. செயின் தேய்ந்து நீண்டதை அது 1991இலிருந்து மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. தகட்டை எடுத்ததும் மறைந்திருந்த தளர்வு முழுவதும் வெளியே வந்தது, இறுக்கி எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டது. தகட்டோடு பூட்டியபோது கேம் சற்றுப் பின்தங்கித்தான் ஓடியிருக்கும், அந்த மெதுவான இழுவையைத்தான் இவ்வளவு காலமும் ‘பழசாய்ப் போச்சு’ என்று நினைத்திருக்கிறார்கள். புதுச் செயின், புதுக் கஸ்கற் செற், இன்னொரு நாள் கூலி. கூலியை மெக்கானிக் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு சத்தமில்லை. 2023 கடைசிவரை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கிறது.

மாதிரி மேயில் கனடா போனது. அடிப்பலகையில் சின்னக் கண்ணாடி மூடிக்குள் அந்தத் தகட்டையும் வைத்து அனுப்பினேன். மாதிரி 12இல் ஒரு பங்கு, தகடு முழு அளவு. பக்கத்தில் வைத்தால் வண்டியின் சில்லைவிடத் தகடு பெரிது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது வண்டியைப் பற்றியல்ல, அந்தத் தகட்டைப் பற்றித்தானாம்.

மாதிரியைப் பார்த்த மகன், நிஜத் தாங்கியிலும் அந்த ‘ம’வைத் திரும்ப எழுதிவிடச் சொன்னான். தூரிகையும் வெள்ளைப் பெயின்றும் எடுத்துக்கொண்டு நான் போனேன்.

“இப்ப பெற்றோல்தானே தம்பி இருக்கு” என்றார் பெரியவர். “உள்ளுக்கை இல்லாததை வெளியில எழுதக்கூடாது.”

இன்னொரு முறை என்றால்

படப் பட்டியல் கராச் சுவரில் ஒட்டப்படும், வேலை பழகும் ஆளுக்கு அதை வாசித்துக் காட்டுவோம். படம் எடுக்காத பாகத்தில் ஒரு துண்டு நிறக் கயிறு கட்டியிருக்கும்; கயிறு இருந்தால் தேய்ப்பதில்லை. இதை மெக்கானிக் இப்போது மற்ற வண்டிகளுக்கும் செய்கிறார். கயிறு கட்டுவது பொடியனின் பொறுப்பு, அவனே கேட்டு எடுத்துக்கொண்டது.

மண்ணெண்ணெய்க் காலத்து எஞ்சின் எதையும் திறந்தால் சிலின்டர் அடியில் தகடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்து, அதை எடுப்பதாக இருந்தால், கையில் எப்படித் தெரிந்தாலும் கேம் செயினையும் அன்றே மாற்ற வேண்டும். மெக்கானிக் இதற்குப் பிறகு இப்படி ஒரு சி 90ஐ, அதாவது 90 சிசி சாதாரணக் கப் ஒன்றைத் திறந்தார். அதில் தகட்டுக்குப் பதிலாக இரண்டு கஸ்கற். செயினை உடனே மாற்றினார்.

மாதிரியை நான் கிட்டிலிருந்து தொடங்க மாட்டேன். வண்டியோடு வாழ்ந்தவரிடம் போய், கண்ணை மூடினால் என்ன தெரிகிறது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். சிவப்பு அடித்த அந்த முதல் வடிவத்தின் ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அதையும் எடுக்க மறந்துவிட்டேன்.